ஆங்கில உணவுவேளைப் பெயர்கள்: பொருளும் மொழிபெயர்ப்பும்

1

ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேர்ச்சொல் காட்டுதல் எளிது என்று தோன்றும் இடங்கள் சில உண்டு. எல்லா நாட்டு மக்களும் நாள்தோறும் செய்யும் செயல்களைக் குறிக்கும் சொற்கள் அத்தகையன என்று கருதுவோர் பலர். உண்ணுதல் எங்கும் உள்ளது. காலையும் பகலும் இரவும் எங்கும் உள்ளன. ஆகவே, ஒவ்வொரு வேளை உணவின் பெயரையும் தயக்கமின்றி மொழிபெயர்த்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். 'பிரேக்பாஸ்ட்' காலை உணவு, 'லஞ்ச்' மதிய உணவு, 'டின்னர்' இரவு உணவு என்று இளமையிலேயே கற்றுவிடுகிறோம். 'சப்பர்' என்னும் சொல் எதிர்ப்படுமாயின் அதற்கும் இரவு உணவு என்றே பொருள் கூறி அமைகிறோம். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் ஏன் வேண்டும் என்னும் வினா எழுவதில்லை.

இவ்வினாவை எழுப்பாமையால் நேரும் இழப்புச் சிறிதன்று. ஆங்கிலப் புதினங்களைத் தமிழ்வழிக் கற்போரும், அவற்றைத் தமிழில் பெயர்க்க முயல்வோரும், சில இடங்களில் கதைமாந்தர் ஏன் நாணுகின்றனர், ஏன் செருக்குகின்றனர் என்பதை உணராமலே கடந்து செல்ல நேரிடுகிறது. ஆங்கில உணவுவேளைப் பெயர்களின் பொருளை வரையறுப்பது யாது? சொல்லின் பிறப்பா, உண்ணும் நேரமா, அன்றி வேறு ஒன்றா? இதனை ஆராய்ந்து, மொழிபெயர்ப்போர்க்கு அதனாற் பெறப்படும் நெறியைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பழைய ஆங்கிலத்தின் நிலையை முதற்கண் நோக்குவோம். இன்று ஒரு வேளை உணவைக் குறிக்கும் 'மீல்' என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் அளவு, குறித்த காலம் என்னும் பொருள்களை உடையதாயிருந்தது. குறித்த காலத்தில் உண்ணப்படுவது என்னும் தொடர்பால் காலப்பெயர் உணவிற்கு ஆயிற்று. மாவினைக் குறிக்கும் 'மீல்' இதனின் வேறாய சொல். தமிழில் 'வேளை' என்னும் சொல்லும் இவ்வாறே இயங்குகிறது. 'மூன்று வேளையும் உண்டான்' என்னும்போது வேளை காலத்தை உணர்த்தும். 'ஒரு வேளைக்கும் வழியில்லை' என்னும்போது அதுவே உணவை உணர்த்தும். தமிழிலக்கண மரபில் இதனைக் காலவாகுபெயர் எனலாம்.

அக்காலத்து ஆங்கிலேயர் தம் உணவுகளைப் பெயரிட்ட முறையும் நமது முறையை ஒத்ததே. 'மோர்கன்மெட்டெ', 'உண்டர்ன்மெட்டெ', 'ஏவன்மெட்டெ' என்பன அவர்கள் வழக்கு. முதற்சொல் காலத்தையும், இரண்டாம் சொல்லாகிய 'மெட்டெ' உணவையும் குறிக்கும். காலை உணவு, முற்பகல் உணவு, மாலை உணவு என்று இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் சிறிதும் திரியாது. எனவே, ஆங்கிலமும் தமிழும் தொடக்கத்திலேயே வேறு வேறு நெறியில் சென்றன என்று கூறுதல் பொருந்தாது. ஆங்கிலம் தன் பழைய நெறியைக் கைவிட்டது என்பதே உண்மை.

ஆயின், காலப்பெயரும் நிலைத்து நிற்பதன்று. 'உண்டர்ன்' என்பது பகலின் மூன்றாம் மணியைக் குறித்தது. நமது கணக்கில் அது காலை ஒன்பது மணியளவாகும். பிற்கால வட்டார வழக்குகளில் அச்சொல் நண்பகலுக்கும் பிற்பகலுக்கும் பெயர்ந்தது. இதற்கு மாறாக, 'நூன்' என்னும் சொல் பின்னோக்கி நகர்ந்தது. அது ஒன்பதாம் மணி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும் வந்தது. பகல் மூன்று மணியளவைக் குறித்த அச்சொல், 14ஆம் நூற்றாண்டளவில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு உரியதாயிற்று. காலத்தையே குறிக்கப் பிறந்த சொற்கள் இவ்வாறு இடம்பெயருமாயின், உணவைக் குறிக்கும் சொற்கள் இடம்பெயர்வதில் வியப்பில்லை.

'மெட்டெ' என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டு நோக்கற்பாலது. பொதுவாக உணவைக் குறித்த அச்சொல்லே இன்று 'மீட்' என வழங்கி, ஊன் ஒன்றனையே குறிக்கின்றது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் மாவினால் செய்யப்படும் படையலொன்று 'மீட்' என்னும் சொல்லால் குறிக்கப்பட்டுள்ளது. இன்றைய ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் அதனை ஊன்படையல் என்று கொள்வர். உண்மையோ அதற்கு நேர்மாறானது. தமிழ் விவிலியத்தில் அது 'போஜனபலி' எனப் பொருத்தமுறப் பெயர்க்கப்பட்டுள்ளது. சொல்லின் இன்றைய பொருளை நேற்றைய நூலின்மேல் ஏற்றுதல் எத்தகைய பிழைக்கு இடமாகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

3

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்தில் புகுந்தன. அவற்றுள் 'டின்னர்', 'சப்பர்' என்னும் இரண்டும் அடங்கும். இவற்றின் பிறப்பை அறிந்தால் பொருள் விளங்கும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

'டின்னர்' என்பது பழைய பிரெஞ்சில் உண்ணுதலைக் குறித்த வினையினின்றும் தோன்றியது. அவ்வினையின் மூலம் நோன்பை முறித்தல் என்னும் பொருளுடைய பிற்கால இலத்தீன் சொல்லாகும். 'பிரேக்பாஸ்ட்' என்பதோ 15ஆம் நூற்றாண்டில் ஆங்கில வேர்களைக்கொண்டே ஆக்கப்பட்ட கூட்டுச்சொல். அதன் பொருளும் நோன்பை முறித்தலே. எனவே, பிறப்பை நோக்கின் டின்னரும் பிரேக்பாஸ்டும் ஒரே பொருளுடைய இரு சொற்களாகின்றன. நாளின் முதலில் உண்பதும் இறுதியில் உண்பதும் ஒரே கருத்திற் பிறந்த பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. சொற்பிறப்பே பொருளை வரையறுக்கும் என்பார் இதற்கு விடைகூறுதல் அரிது.

பிரெஞ்சு மொழியிலும் இந்நிலையே உள்ளது. 'தெழெனே', 'தீனே' என்னும் இரண்டும் மேற்கூறிய ஒரே இலத்தீன் மூலத்தினின்றும் கிளைத்தவை. பாரிசு நகரத்தார் முன்னதை நண்பகல் உணவிற்கும் பின்னதை இரவு உணவிற்கும் வழங்குகின்றனர். காலையில் உண்பதைச் 'சிறிய தெழெனே' என்கின்றனர். கனடாவின் கெபெக் பகுதியிலும் பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் உள்ள பிரெஞ்சு மக்களிடையே, முன்னது காலை உணவாகவும் பின்னது நண்பகல் உணவாகவும் நிற்கும் பழைய வழக்கு இன்றும் உண்டு. ஒரே மொழியில் ஒரே சொல், நாட்டிற்கு நாடு வேறுபட்ட வேளையைக் குறிக்கின்றது.

'சப்பர்' என்னும் சொல் 'சூப்' என்பதனோடு உறவுடையது. சாற்றில் நனைத்த அப்பத்துண்டு அதன் அடிப்படைக் கருத்து. 'லன்ச்சன்' என்பது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தடித்த துண்டு என்னும் பொருளில் வழங்கியது. அதனோடு ஓசையில் நெருங்கிய 'நன்ச்சன்' என்பது, நண்பகலில் வார்க்கப்படும் பருகுபொருள் என்னும் பொருளில் அதனினும் முன்னரே இருந்தது. ஆகவே, ஒன்று நோன்பு முறித்தலையும், ஒன்று நனைத்த அப்பத்தையும், ஒன்று துண்டையும், ஒன்று பருகுதலையும் அடிப்படையாக உடையன. இவ்வடிப்படைகளுள் எதுவும் இன்று அச்சொல்லை ஆள்வோர் உள்ளத்தில் இல்லை. பிறப்பு சொல்லின் வரலாற்றை உணர்த்தும். அதன் இன்றைய ஆட்சியை உணர்த்தாது.

பிறமொழிச் சொல்லுக்கு ஒரே நேர்ச்சொல்லை எங்கும் பொருத்துவதன் இடர்ப்பாட்டிற்கும் மேற்சொன்ன 1611ஆம் ஆண்டின் விவிலியமே சான்று தருகிறது. கிரேக்கத்தில் 'அரிஸ்டன்' என்பது முற்பட்ட வேளையின் உணவு. 'தெய்ப்னான்' என்பது பிற்பட்ட வேளையின் உணவு. லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஆங்கிலத்தார் அவற்றை முறையே டின்னர், சப்பர் என்று பெயர்த்தனர். தமிழில் அவை 'பகல்விருந்து', 'இராவிருந்து' என நிற்கின்றன. அக்காலத்து டின்னர் பகலுக்குரியது என்பதை ஆங்கிலமும் தமிழும் இங்கு ஒருங்கே காட்டுகின்றன.

ஆயின், யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் விடியற்காலத்தே கடற்கரையில் சீடர்களை உண்ண அழைக்கும் இடத்தில், அரிஸ்டன் என்பதன் வினை வடிவம் வருகின்றது. ஆங்கிலத்தார் அங்கும் டின்னர் உண்ணுதலைக் குறிக்கும் வினையையே இட்டனர். விடியலில் டின்னர் எவ்வாறு அமையும் என்று பிற்காலத்தார் மயங்க இஃது இடமாயிற்று. 1946இல் வெளிவந்த திருந்திய புதிய ஏற்பாட்டுப் பதிப்பு அவ்விடத்தில் பிரேக்பாஸ்ட் என்று மாற்றியது; லூக்காவில் அதே சொல்லுக்கு டின்னர் என்பதையே வைத்துக்கொண்டது. தமிழ் விவிலியம் யோவானில் 'போஜனம்' என்னும் பொதுச்சொல்லை ஆண்டமையால் இம்மயக்கத்திற்கு இடமில்லாது போயிற்று. வேளை குறியாத பொதுச்சொல்லை இடமறிந்து ஆளுதல் குறையன்று; சில இடங்களில் அதுவே நிறைவு.

4

இனி, நேரமே பொருளை வரையறுக்கும் என்னும் கருத்தை நோக்குவோம். 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்பிசு நண்பகலில் டின்னர் உண்டவர். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1798 டிசம்பரில், புதின ஆசிரியை ஜேன் ஆஸ்டின் தம் தமக்கைக்கு எழுதிய கடிதத்தில் தம் வீட்டு டின்னர் பிற்பகல் மூன்றரை மணிக்கு என்று தெரிவிக்கிறார். 1808 டிசம்பரில் எழுதிய மற்றொரு கடிதத்தில், இப்பொழுது ஐந்து மணிக்கு முன் டின்னர் உண்பதில்லை என்கிறார். ஒருவர் வாழ்நாளிலேயே, பத்தாண்டு இடைவெளியில், ஒன்றரை மணி நேரம் நகர்ந்துவிட்டது. 1813இல் வெளிவந்த அவரது 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' என்னும் புதினத்தில், செல்வர் இல்லமாகிய நெதர்பீல்டில் மாலை ஆறரை மணிக்கு டின்னர் நிகழ்கிறது.

டின்னர் பின்னோக்கிச் செல்லச் செல்ல, காலை உணவிற்கும் அதற்கும் இடையே நீண்ட வெளி ஏற்பட்டது. அவ்வெளியை நிரப்ப வந்ததே லன்ச்சன். ஆஸ்டினின் காலத்தில் அதற்கு உறுதியான பெயரில்லை. 1811இல் வெளிவந்த 'சென்ஸ் அண்டு சென்ஸிபிலிடி' என்னும் புதினத்தில் வழிப்பயணத்தான் ஒருவன் உண்டது நன்ச்சன். 1813இன் புதினத்தில் விடுதியொன்றில் இளம்பெண்கள் ஏற்பாடு செய்யும் குளிர்ந்த உணவு லன்ச்சன். 'மார்னிங்' என்னும் சொல்லின் எல்லையும் அவர் நூல்களில் டின்னர் வரை நீளும். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருவர் இல்லத்திற்குச் செல்லுதலும் காலைச் சந்திப்பே. அதனைத் தமிழில் வெறுமனே 'காலை' என்று எழுதுவோர், ஆசிரியை கருதாத நேரத்தைக் கருதியதாக ஆக்கிவிடுவர்.

இந்த நகர்ச்சியை முதன்மையான ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டவர் தாமஸ் டிக்குவின்சி. 1839இல் 'பிளாக்வுட்' இதழில் அவர் எழுதிய கட்டுரை உரோமர் உணவைப் பற்றியது. இலத்தீன் 'பிராந்தியம்' என்பதற்கு டின்னர் என்று பொருள் கற்பிக்கும் பள்ளி வழக்கை அவர் மறுத்தார். பிராந்தியம் பகலில் எளிதாக உண்பது. 'கேனா' என்பதே உரோமரின் டின்னர் என்று நாட்டினார். டின்னரை வரையறுப்பது மணிக்கணக்கன்று, அந்நாளின் தலைமையான உணவு என்னும் தன்மையே என்பது அவர் துணிபு. இருமொழி அகராதி ஒன்று நேரத்தை மட்டும் ஒப்பிட்டுச் சொல்லை இணைத்தால் பண்பாட்டையே தவறாகக் காட்டிவிடும் என்பதை அவர் கட்டுரை தெளிவாக்கியது. இது போற்றத்தக்க பணியாகும்.

இத்துணிபிற்கு இன்றைய வழக்கும் துணைநிற்கிறது. இங்கிலாந்தில் நண்பகல் உணவை லஞ்ச் என்றே கூறும் குடும்பத்தாரும், கிறிஸ்துமசு நாளின் பெருவிருந்தைப் பகலிலேயே உண்டாலும் 'கிறிஸ்துமசு டின்னர்' என்பர். பள்ளிகளில் நண்பகலில் பரிமாறப்படும் உணவிற்குப் 'பள்ளி டின்னர்' என்னும் பெயர் இன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்போர்டு பேரகராதியில் டின்னர் என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதியோரும், நாளின் தலைமையான உணவு என்பதையே முதலில் வைத்தனர். பெரும்பான்மையோர் அதனை நண்பகலிலேயே உண்கின்றனர் என்றும், உயர்தொழிலாளரும் நாகரிகக் குழுவினரும் மாலையில் உண்கின்றனர் என்றும் அவர்கள் குறித்துள்ளனர். நேரம் அகராதிப் பொருளின் கூறன்று. உண்போரின் நிலையைப் பொறுத்தது.

5

ஆயினும், தலைமையான உணவு என்னும் வரையறையோடு நின்றால் இலக்கியத்தை முற்றும் உணர இயலாது. டிக்குவின்சியின் கட்டுரையில் காணப்படும் குறை இங்கேதான். அவர் அச்சொல் எதனைக் குறிக்கிறது என்று காட்டினார். அச்சொல்லை ஆள்வோர் அதனால் எதனைப் பெற விரும்புகின்றனர் என்று காட்டவில்லை. பொருளாராய்ச்சியில் சிறந்த அவர் கட்டுரை ஆட்சியாராய்ச்சியில் நிறைவு பெறவில்லை எனலாம். அந்நிறைவை, அவருக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே, ஜேன் ஆஸ்டின் ஒரு கதையில் வழங்கியிருக்கிறார்.

'தி வாட்சன்ஸ்' என்பது ஆஸ்டின் 1804ஐ ஒட்டி எழுதத் தொடங்கி இடையில் கைவிட்ட புதினம். அவர் மறைவிற்குப் பின்னர் 1871இல் அவருடைய உடன்பிறந்தார் மகன் அதனை வெளியிட்டார். வாட்சன் என்பவர் நோயுற்ற ஏழைக் குருவானவர். அவர் வீட்டு டின்னர் பிற்பகல் மூன்று மணிக்கு. ஒருநாள் அந்நேரத்தை அணுக, ஆஸ்போர்ன் பிரபுவும் அவரை விடாது பின்பற்றும் டாம் மஸ்கிரேவ் என்பவனும் எதிர்பாராது வந்து அமர்கின்றனர். பணிப்பெண் மேசைக்குரிய தட்டையும் கத்திப் பெட்டியையும் கொண்டு வருகிறாள். தந்தையார் தம் டின்னர் ஏன் வரவில்லை என்று கேட்டனுப்பிய செய்தியும் அவள் வாயிலாக வந்துவிடுகிறது. மூத்த மகள் எலிசபெத்து தங்கள் வீட்டு முன்னேர வழக்கத்தை மறைக்காது கூறி வருந்துகிறாள். வறுமை என்னும் சொல் அங்கு ஒருவர் வாயிலும் வரவில்லை. மூன்று மணி என்பதே அதனை அறிவித்துவிடுகிறது.

பின்னொரு நாள் மாலையில் மஸ்கிரேவ் தனியே வருகிறான். இலண்டனிலிருந்து திரும்பும் வழியில் வந்ததாகவும், எட்டு மணி டின்னருக்காக வீடு செல்வதாகவும், எட்டாயினும் ஒன்பதாயினும் அது தனக்குப் பெரிதன்று என்றும் பேசுகிறான். வாட்சன் வீட்டார் டின்னரை என்றோ முடித்துவிட்டனர். அவர்களுக்கு இனி உள்ளது சப்பர். அதற்கு இருந்து செல்லுமாறு அவனை வேண்டுகின்றனர். அவனால் அதனைப் பொறுக்க இயலவில்லை. அடுத்துத் தான் உண்ணப்போவதை டின்னர் என்று சொல்லிக்கொள்வதில் நெடுநேரமாக மனம் ஊன்றியிருந்தவனுக்கு அவ்வேண்டுகோள் தாங்கொணாதது என்னும் கருத்துப்பட ஆசிரியை எழுதுகிறார்.

இக்காட்சியின் உயிர் எங்கே இருக்கிறது? உண்ணும் நேரத்தில் பெரிய வேறுபாடில்லை, பசியும் ஒன்றே. வேறுபாடு பெயரில் மட்டுமே உள்ளது. சப்பர் என்று ஏற்றால், பகலிலேயே டின்னரை முடித்த கூட்டத்தோடு அவனும் சேர்ந்தவனாவான். டின்னர் என்று சொன்னால் ஆஸ்போர்ன் மாளிகையைச் சேர்ந்தவனாவான். அவன் உண்ண விரும்புவது உணவையன்று, பெயரையே. உண்மைச் செல்வராகிய பிரபு தம் டின்னர் நேரத்தைப் பறைசாற்றவில்லை என்பதையும் நோக்குக. அண்டி வாழ்பவனே அதனை அறிவிக்கின்றான். ஒரு சொல்லால் ஒரு மனிதனின் முழு இயல்பையும் காட்டும் திறன் இங்குப் புலனாகின்றது.

இப்பகுதியைத் தமிழில் பெயர்ப்பவர் நாம் தொடக்கத்திற் கண்ட நேர்ச்சொற்களைக் கைக்கொள்வார் என்று வைத்துக்கொள்வோம். சப்பரும் இரவு உணவு. டின்னரும் இரவு உணவு. அப்பொழுது, இரவு உணவிற்கு அழைக்கப்பட்டவன் தனக்கு இரவு உணவே வேண்டுமென்று மறுத்துச் செல்கின்றான் என்று கதை நிற்கும். படிப்போர் அச்சுப்பிழையோ என ஐயுறுவர். மூன்று மணிக் காட்சியில் டின்னரை மதிய உணவு என்று பெயர்த்துவிட்டால், ஒரே சொல் இரு வீடுகளில் இரு நிலைகளைக் காட்டுவது மறைந்து, இரண்டு காட்சிகளுக்கும் இடையேயுள்ள தொடர்பும் அறுந்துவிடும். சொற்களின் நேரத்தைக் காத்தவர் கதையை இழந்தவராவார்.

6

உணவுச் சொற்களில் சமுதாய நிலை புலப்படும் என்பதை ஒப்புக்கொண்டால், அதனை மிகைப்படுத்தும் கருத்துகளையும் ஆராய்தல் வேண்டும். அவற்றுள் புகழ்பெற்றது வால்டர் ஸ்காட்டு தம் 'ஐவன்ஹோ' புதினத்தின் முதல் அதிகாரத்தில், நகையாளன் வாம்பாவின் வாயில் வைத்த கருத்தாகும். அந்நூல் 1819 டிசம்பரில் வெளிவந்தது. பன்றியும் மாடும் ஆங்கிலக் குடியானவர் மேய்க்கும்வரை ஆங்கிலப் பெயர் தாங்கும். நார்மானியப் பிரபுவின் மேசைக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர் பெறும் என்பது அதன் சாரம். விலங்கிற்கு ஒரு பெயரும் ஊனிற்கு வேறு பெயரும் உள்ளன என்பதை 1653இல் வெளிவந்த தம் ஆங்கில இலக்கணத்தில் ஜான் வாலிசும் குறித்துள்ளார்.

இக்கருத்துக் கேட்போர் உள்ளத்தைக் கவர்வது. ஆயினும் முழு உண்மையாகாது. பிரெஞ்சில் அச்சொற்கள் விலங்கு, ஊன் ஆகிய இரண்டனையும் குறிப்பன. ஆங்கிலத்திலும் நெடுங்காலம் அவ்வாறே வழங்கின. 'பீஃப்' என்பதன் பன்மை உயிருள்ள மாடுகளைக் குறித்து 1611ஆம் ஆண்டின் விவிலியத்தில் வருகிறது. அன்றியும், ஆட்டுக்குட்டி, மீன் முதலியவற்றின் ஊன் நார்மானியர் மேசைக்கு வந்தும் ஆங்கிலப் பெயரையே தாங்கி நின்றது. விலங்கிற்கும் ஊனிற்கும் இடையே இன்று காணும் தெளிவான பிரிவு வெற்றியாண்டின் விளைவாக ஒருநாளில் அமைந்ததன்று. பல நூற்றாண்டுகளில் படிப்படியாக உறுதிப்பட்டது. கதைமாந்தன் கூற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது திறனாய்வு நெறியன்று. ஆடுகோள் முதல் அட்டில் வரை உள்ள அத்தனை சொற்களுக்கும் வென்றோர், தோற்றோர் என்னும் இரு கூறே காரணம் என்று கொண்டால், சொல் வாழ்க்கையின் பல காரணங்களும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

20ஆம் நூற்றாண்டில் ஆலன் ராஸ் என்னும் மொழியறிஞர் இத்துறையில் ஒரு கட்டுரை எழுதினார். 1954இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர் ஆய்விதழ் ஒன்றில் அது வெளிவந்தது. நான்சி மிட்போர்டு அதனைப் பொதுமக்களிடையே பரப்பினார்; 1956இல் அவர் தொகுத்த நூலிலும் அக்கட்டுரையின் வடிவம் இடம்பெற்றது. மேல்வகுப்பார் பகலில் லஞ்ச், மாலையில் டின்னர் உண்பர். ஏனையோர் பகலில் டின்னர் உண்பர் என்பது ராஸ் காட்டிய அடையாளங்களுள் ஒன்று. மேல்வகுப்பாரின் குழந்தைகளும் நாய்களும் கூடப் பகலிலேயே டின்னர் உண்பன என்று அவரே ஒரு விலக்கும் கூறினார். மேல்வகுப்பார் செல்வத்தால் பிரிந்து நில்லாமல் மொழியால் பிரிந்து நின்றனர் என்னும் அவர் நோக்குக் கூர்மையானது.

ஆயினும், அவர் தந்தது ஒரு காலத்தின் நிழற்படமே. மேல், கீழ் என்னும் பிரிவோடு வடக்கு, தெற்கு என்னும் பிரிவும் சேர்த்து நோக்கற்குரியது. வட இங்கிலாந்தில் பகல் உணவு டின்னர். மாலையில் வேலையினின்றும் திரும்பி உண்பது 'டீ'. அங்குத் தேநீரின் பெயரே முழு உணவின் பெயராயிற்று. அவ்வாறு வழங்குவோர் தம்மைத் தாழ்ந்தவராகக் கருதுவதில்லை. தம் ஊர் வழக்கைக் காப்பவராகவே கருதுகின்றனர். பெயரால் உயர முயலும் மஸ்கிரேவும் உண்டு. பெயரால் தன் மண்ணைக் காக்கும் தொழிலாளியும் உண்டு. சொல்லுக்கும் நிலைக்கும் உள்ள தொடர்பு பட்டியலில் அடங்குவதன்று. பேசுவோன், கேட்போன், இடம், காலம் ஆகியவற்றோடு வைத்து உணரப்படுவது.

7

இத்தன்மை ஆங்கிலத்திற்கே உரியதா என்னும் வினாவிற்கு, ஆங்கிலத்தினின்றும் தமிழுக்கு வந்த ஒரு சொல்லே விடை தரும். அது 'டிபன்'. 1785இல் பிரான்சிசு குரோஸ் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில், 'டிபிங்' என்பதற்கு உரிய வேளையல்லாத வேளையில் உண்ணுதல் அல்லது குடித்தல் என்னும் பொருள் காணப்படுகிறது. அதுவே டிபனின் மூலம் என்பது பலரும் ஏற்கும் முடிபு. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரிடையே அச்சொல் பகலில் உண்ணும் எளிய உணவிற்குப் பெயராயிற்று. யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி அதனை லன்ச்சனுக்கு நிகராகக் காட்டுகிறது. இவருள் பர்னெல் தமிழகத்தில் பணியாற்றியவர். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை அமைத்தவர்.

தமிழ் வழக்கில் டிபன் நேரத்தை முற்றும் உதறியது. காலையில் உண்ணும் இட்டலியும் டிபன். பிற்பகலில் உண்ணும் வடையும் டிபன். இரவில் உண்ணும் தோசையும் டிபன். மாறாது நிற்பது ஒன்றே: அது சோறு அடங்கிய 'சாப்பாடு' அன்று. 'சாப்பாடு ஆயிற்றா?' என்று வினவப்பட்டவர், தோசை உண்டு வயிறு நிறைந்திருந்தும், 'இல்லை, டிபன்தான்' என்று விடையிறுத்தலைக் காண்கிறோம். 'பலகாரம்' என்னும் சொல்லும் இவ்வாறே. பழவுணவு என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபாகிய அதில் பழம் என்றோ மறைந்தது. சோறன்மை மட்டும் நின்றது. பிறப்பும் போயிற்று, நேரமும் போயிற்று. உணவின் தகுதி மட்டும் சொல்லில் தங்கிற்று. டின்னரின் வரலாறும் இதுவே.

இதனால் பெறப்படுவது யாது? காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு என்பன தமிழரின் பேச்சில் பிறந்த பெயர்களைக் காட்டிலும் பாடநூல் வழக்கிற்கே மிகுதியும் உரியவை. தமிழர் தம் வீட்டில் ஆளும் சோறு, சாப்பாடு, பலகாரம், கஞ்சி, பழையது, சிற்றுண்டி, விருந்து என்னும் பெயர்கள் உணவின் வகையையும் தகுதியையும் காட்டுவன. ஆங்கிலப் பெயர்களுக்கு நேர்ச்சொல் தேடுவோர் தம் மொழியின் இவ்வளத்தை விடுத்து, கடிகாரத்தை நாடியது பொருத்தமன்று.

மொழிபெயர்ப்போர் கைக்கொள்ளத்தக்க நெறியை இனிக் கூறலாம். உணவுப்பெயர் கதையில் நேரத்தை மட்டும் சுட்டுமாயின், நூலின் காலத்து வழக்கை அறிந்து பகலுணவு, இரவுணவு எனப் பெயர்க்கலாம். நேரம் வேண்டப்படாத இடத்தில் உணவு என்னும் பொதுச்சொல் போதும். பெயரே செய்தியாக நிற்கும் இடத்தில், மஸ்கிரேவின் காட்சி போல்வனவற்றில், டின்னர், சப்பர் என்னும் சொற்களைத் தமிழெழுத்தில் அவ்வாறே வைத்து, அவற்றின் வேறுபாடு விளங்கும்படி தொடரை அமைத்தலே தக்கது. டிபன் என்பதை ஏற்ற மொழி இவ்விரண்டையும் ஓரிரு இடங்களில் தாங்காது போகாது. பிறமொழிச் சொல்லை விலக்குதல் நன்றே எனினும், அதனை விலக்கும்பொழுது பொருளையும் உடன் விலக்கிவிடுதல் தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஆங்கில உணவுவேளைப் பெயர்களின் பொருள் சொற்பிறப்பால் அமைவதன்று என்பது டின்னர், பிரேக்பாஸ்ட் ஆகியவற்றின் ஒப்புமையால் விளங்கும். நேரத்தால் அமைவதன்று என்பது பீப்பிசு முதல் ஆஸ்டின் வரை உள்ள நகர்ச்சியால் விளங்கும். நாளின் உணவுகளுக்குள்ளே ஒன்றற்குள்ள தகுதியாலும், அப்பெயரை ஆள்வோர் தமக்கு வேண்டும் தகுதியாலும் அஃது அமைகின்றது. முன்னதை டிக்குவின்சி காட்டினார். பின்னதை ஆஸ்டின் காட்டினார். ஸ்காட்டும் ராசும் அதனை ஒவ்வொரு பக்கத்தில் மிகுத்துரைத்தனர்.

இருமொழி அகராதி தொகுப்போர் ஒரு சொல்லுக்கு ஒரு நேர்ச்சொல் என்னும் முறையோடு அமையாமல், அச்சொல் எக்காலத்தில் எவ்வகையினரிடையே எவ்வேளையைக் குறித்தது என்பதையும் ஓரிரு தொடர்களில் சேர்த்துரைத்தல் வேண்டும். டின்னர் என்னும் சொல்லின்கீழ், 'நாளின் தலைமையான உணவு. 18ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் பகலில். பின்னர் உயர்நிலையாரிடையே மாலையில். வட்டார வழக்கிலும் பள்ளி வழக்கிலும் இன்றும் பகலில்' என்னும் அளவு எழுதுவதற்கு இரண்டு வரிகள் போதும். அவ்விரண்டு வரிகள் இல்லாமையால் ஆஸ்டினின் நகைச்சுவை தமிழ் மாணவர்க்கு எட்டாமற் போகிறது.